படகுக்கு ஒரு துக்கநாள்

மண்டபத்தூர்க் கரையில் படகுகள் இறங்கப்போகும் விடியற்காலை. சொர்ணாம்பாள் கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு மணலில் தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் ஒப்பாரியை ஆரம்பித்தாள்.

படகைத் தள்ளிய கைகள் அப்படியே நின்றன. ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகக் கூடாது. ஊர்க் கட்டுப்பாடு.

பக்கத்து வீட்டு ராஜம் பதறியடித்து ஓடிவந்தாள். "யாருடி போயிட்டா?"

"என் படகு!"

யாரோ சிரித்தார்கள்.

எல்லை தாண்டியதென்று அக்கரையில் பிடித்துவைத்த படகு. புருஷன் சிவநாதனை விட்டுவிட்டார்கள். படகை விடவில்லை, இனி விடவும் மாட்டார்களாம். அவன் திரும்பிய அன்று ஊரே மாலை போட்டது. அவள் அழுதாள். "தாலி தங்கிச்சுல்ல, மரத்துக்குப் போயி அழுவியா?" என்று அதட்டினார்கள். அவனோ சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். பேச்சில்லை, ஒரு சொட்டுக் கண்ணீரில்லை. தேறிவிட்டான் என்றது ஊர். உள்ளே செத்துக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குத்தான் தெரியும். போனது போனதுதான், அழு என்று ஊர் சொல்லாமல் அவன் எழுந்திருக்க மாட்டான்.

ஊர்த்தலைவர் சிதம்பரநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"எந்திரிம்மா. மரத்துக்கும் இஞ்சினுக்கும் ஊர நிறுத்த முடியாது. நாளைக்கு வலை கிழிஞ்சதுக்கும் வந்து உக்காருவாளுவ."

"உக்காரட்டுமே மாமா!"

"அபராதம் போடுவேன்."

"போடுங்க. அழுது முடிச்சுட்டுக் கட்டுறேன்."

"உசுரா போயிடுச்சு?"

"புயல்ல உங்க மவன் தத்தளிச்சப்ப ஏத்திக்கிட்டு வந்துச்சே, அன்னைக்கி மரம்னா சொன்னீங்க? குலசாமின்னு தொட்டுக் கும்பிட்டீங்கல்ல!"

படகடியில் நின்ற தலைவர் மகன் ராஜ்மோகன் படகிலிருந்து மெல்லக் கையை எடுத்தான். ஓடிக்கொண்டிருந்த ஒரே இஞ்சினும் அடங்கியது.

கூட்டம் விலகியது. கசங்கிய கைலியோடு சிவநாதன்! ஒப்பாரிச் சத்தம் அவனையும் இழுத்து வந்திருந்தது. பெண்டாட்டியை அறையப்போகிறான் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அவன் கடலைப் பார்த்துக் கத்தினான். "புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தேன்டா! வாசம்கூட போவல..."

மணலில் விழுந்தான். மார்பில் அடித்துக்கொண்டு அழுதான்.

ராஜம் தூக்கப் போனாள்.

"தொடாத!" சொர்ணாம்பாள் சீறினாள். "அழுவட்டும் விடு."

சிதம்பரநாதன் தோள் துண்டை எடுத்து மணலில் போட்டு, சிவநாதன் பக்கத்தில் உட்கார்ந்தார். எழவு வீட்டில் உட்காருவது போல.

"எல்லாரும் வலைய எறக்கி வைங்கப்பா" என்றார்.

சொர்ணாம்பாள் கண்ணைத் துடைக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து, இன்னும் உரக்க, ஒப்பாரியைத் தொடர்ந்தாள்.