எட்டாம் அறையின் தாழ்ப்பாள்

அந்த விடுதியில் எட்டு அறைகள். எட்டுக்கும் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அந்த எட்டையும் ஒரே காலையில் கழற்ற வைத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. நடுவில் வேறு யார்மேலாவது உங்களுக்குக் கோபம் வந்துவிடக் கூடாது.

புருஷனிடம் அடிபட்டு, உடுத்தின துணியோடு கிளம்பி வந்த பெண்கள் தங்குகிற இடம் அது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. நான் அங்கே பதினோரு வருஷம் வார்டனாக இருந்தேன். எல்லோரும் ‘வார்டனம்மா’ என்பார்கள். கோபம் வந்தால் மட்டும் ‘பெரிய மேடம்’.

எட்டாம் அறைக்காரி ஆறு வயது மகளோடு வந்தாள். அறையைத் திறந்து காட்டினேன். கட்டிலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. நேரே கதவுக்குப் பின்னால் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள். அதற்குப் பிறகுதான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

தினமும் அப்படித்தான். படுக்கப் போகும்போது மூன்று தடவை போட்டு எடுப்பாள். ‘டக்’ என்று நடைவழி முழுக்கக் கேட்கும். இரண்டே நாளில் மற்றப் பெண்கள் அவளுக்குத் ‘தாழ்ப்பாள்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

“ஏன்டி, அது தேஞ்சிடப் போகுதுடி,” என்றாள் சமையல்காரம்மா ஒரு ராத்திரி.

“தேஞ்சா வேற வாங்கிப் போடுங்கக்கா. சோறு கூட வேண்டாம்.”

“சோறு வேண்டாமாம்! நேத்து மூணு தடவை தட்டை நீட்டினவ பேசுற பேச்சா இது?”

அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். முன்பல் ஒன்று பாதி இல்லை.

ஒரு நாள் படுக்கை விரிப்புகளை மடிக்கும்போது அவளாகவே சொன்னாள். “எங்க வீட்டுல குளியலறைக் கதவுல மட்டும் நல்ல தாழ்ப்பாள்மா. இரும்பு. அவர் எவ்வளவு உதைச்சும் அது அசையலை. ரெண்டு வருஷம் நானும் இவளும் அங்கதான் படுத்தோம். ஈரத்துணியால தரையைத் துடைச்சுட்டு, பாயை மடிச்சுப் போட்டு. இவளுக்கு அந்த டக் சத்தம் கேட்டாத்தான் கண்ணு சொருகும். தாலாட்டு மாதிரி.”

பதினோரு வருஷத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். ஆனாலும் பழகவில்லை.

அவள் வந்து இருபது நாள் இருக்கும். விடுதிகளின் சுகாதாரமும் பாதுகாப்பும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. கூடவே நாற்பத்தொரு விதிகள் அடங்கிய பட்டியல். தீயணைப்பு உருளையின் தேதி, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் மூன்று அடி இடைவெளி, மருந்து அலமாரிக்குப் பூட்டு, தண்ணீர்த்தொட்டி கழுவின சான்று. தேறவில்லை என்றால் உரிமம் போய்விடும். உரிமம் போனால் இத்தனை பேரையும் நான் எங்கே கொண்டுபோய் நிறுத்துவேன்?

பேனாவும் கையுமாக அலைந்தேன். ஏற்கெனவே சரியாக இருந்தவற்றுக்கு முதல் நாளே டிக் போட்டேன். இருபத்துநான்காவது விதி, ‘தங்குபவர் தம் அறையை உள்ளிருந்து பூட்டிக்கொள்ள வசதி இருக்க வேண்டும்’ என்றது. நம்மிடம்தான் தாழ்ப்பாள் இருக்கிறதே என்று டிக் போட்டுவிட்டேன்.

அதற்கு முந்தினது, இருபத்துமூன்று, இப்படி இருந்தது: ‘அவசரத்தில் எந்த அறைக் கதவையும் வெளியிலிருந்து திறக்க முடிய வேண்டும்.’ இதற்கு டிக் போட முடியவில்லை. தீப்பிடித்தால், உள்ளே யாராவது மயங்கி விழுந்தால், தாழ்ப்பாள் போட்ட கதவை எப்படித் திறப்பது? நியாயமான விதிதான். குறை சொல்ல மாட்டேன்.

அதிகாரி வருவது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை பெண்கள் எல்லோரையும் வண்டியில் ஏற்றி மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினேன். தச்சர் வந்தார்.

“எட்டையும் கழட்டிடவாம்மா?”

“எட்டையும்தான்.”

“அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“வந்ததும் சொல்லிக்கலாம். நீங்க கழட்டுங்க.”

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எட்டுத் தாழ்ப்பாளையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். இருபத்துமூன்றுக்கு டிக் போட்டுவிட்டு நிம்மதியாக ஒரு டம்ளர் காபி குடித்தேன். அந்தக் காபியை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை கசக்கிறது.

மத்தியானம் வண்டி வந்தது. அவள் அறைக்குள் போனாள். சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். அவற்றின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

“திருடன் வந்தானாம்மா?” என்று கேட்டாள்.

“நான்தான் கழட்டச் சொன்னேன். விதி அப்படிம்மா. உங்க நல்லதுக்குத்தான்.”

“ஓ,” என்றாள். சண்டை போட்டிருந்தால் தேவலாம்.

மறுநாள் காலையில் கட்டில் கதவோடு ஒட்டிக் கிடந்தது. உள்ளே போக நான் தோளால் தள்ள வேண்டியிருந்தது. வெளியேறும் வழியை மறிக்கக் கூடாது, அது பதினெட்டாவது விதி. கட்டிலைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டேன். அவளும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள்.

புதன்கிழமை காலை சமையல்காரம்மா வந்து, “பெரிய மேடம், அவ ரெண்டு நாளா உக்காந்தேதான் இருக்கா. குழந்தையும் முழிச்சுக்கிட்டு ‘டக் எங்கம்மா, டக் எங்கம்மா’ன்னு கேக்குது. என்ன பண்ணப் போறீங்க?” என்றாள்.

அவளைக் கூப்பிட்டேன். கண்ணைச் சுற்றி யாரோ மை பூசின மாதிரி இருந்தது.

“இங்க குளியலறையில தாழ்ப்பாள் இருக்கேம்மா. நாங்க அதுல படுத்துக்கட்டுமா? பாய் என்கிட்டயே இருக்கு.”

“மூணு குடும்பத்துக்கு ஒரே குளியலறை. அதுல போய் எப்படிம்மா படுப்பே? ஈரத்துல குழந்தைக்குச் சளி பிடிக்கும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ. அதிகாரி வந்துட்டுப் போகட்டும், பார்க்கலாம்.”

அவள் தலையாட்டினாள். வாசல் வரை போனவள் திரும்பிச் சொன்னாள்: “எங்க வீட்டுக் குளியலறையை வேற யாரும் கேக்க மாட்டாங்கம்மா.”

அதை நான் ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பையோடு வந்து நின்றாள். தங்கியிருப்பவர் போகிறேன் என்றால் நாங்கள் தடுக்கக் கூடாது. இருந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

“அடிக்கிறவன்கிட்டயே போறேங்கிறியே, புத்தி இருக்கா உனக்கு?”

“தூங்கணும்மா,” என்றாள். “நாலு மணி நேரமாவது தூங்கணும். இல்லேன்னா நான் இவளை எப்படிப் பார்த்துக்குவேன்?”

‘போவதற்கான காரணம்’ என்ற கட்டத்தில் ‘சொந்த விருப்பம்’ என்று நான்தான் எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். குழந்தை எனக்குக் கையசைத்தது. சமையல்காரம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவேயில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தாள். சின்னப் பெண், கையில் அளவுநாடா. எதையும் விடவில்லை. தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். “ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்கம்மா,” என்றாள். எட்டாம் அறைக் கதவுக்கு வந்ததும் நின்றாள். ஓட்டைகளைப் பார்த்தாள், என் பட்டியலைப் பார்த்தாள்.

“இருபத்துமூணும் டிக் போட்டிருக்கீங்க, இருபத்துநாலும் டிக் போட்டிருக்கீங்க. பூட்டு எங்கேம்மா?”

பட்டியலைக் கையில் வாங்கி அந்த இரண்டு டிக்கையும் பார்த்தேன்.

“ஒண்ணுக்காக இன்னொண்ணை எடுக்கக் கூடாதும்மா, ரெண்டும் வேணும். உள்ளேயிருந்து திருகிப் பூட்டலாம், வெளியிலிருந்து சாவி போட்டாத் திறக்கும், அந்த மாதிரி பூட்டு மாட்டணும். அந்தச் சாவியும் உறையில போட்டு ஒட்டியிருக்கணும். ஒட்டின இடத்துல அந்த அறையில இருக்கறவங்க கையெழுத்து இருக்கணும். யாராவது பிரிச்சா அவங்களுக்குத் தெரிஞ்சிடும்.” என் முகத்தைப் பார்த்து, “பயப்படாதீங்க, முப்பது நாள் டைம் தரேன். இந்த அறையில யாரும்மா இருக்காங்க?” என்றாள்.

“நேத்து வரைக்கும் இருந்தாங்க,” என்றேன்.

சனிக்கிழமை காலையிலேயே தச்சரை வரவழைத்து எட்டாம் அறைக்கு முதலில் பூட்டு மாட்டினேன். பதினொரு மணிக்கு அவளுக்குப் போன் செய்தேன். புருஷன் வேலைக்குப் போயிருக்கும் நேரம் என்று கிளம்பும்போது அவளே குறித்துக் கொடுத்த நேரம் அது.

எடுத்தாள். குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பின்னால் குழாய் சொட்டும் சத்தம்.

“குளியலறையிலயா இருக்கே? அவன் வேலைக்குப் போகலை?”

“லீவு போட்டிருக்காரும்மா. நாங்க வந்திருக்கோம்ல,” என்று கிசுகிசுத்தாள்.

“பூட்டு மாட்டியாச்சு. இன்னிக்கே கிளம்பி வா. வண்டி அனுப்பறேன்.”

“உள்ளேயிருந்து போடலாமா?”

“போடலாம்.”

“வெளியில இருந்து திறக்க முடியுமா?”

“சாவி இருந்தாத்தான்.”

“சாவி யார்கிட்ட?”

“என்கிட்டதான்.”

சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது.

“அப்போ திறக்க முடியும்,” என்றாள்.

உறை, ஒட்டின இடம், அவள் கையெழுத்து, அவளுக்குத் தெரியாமல் யாராலும் பிரிக்க முடியாது என்பது, எல்லாம் முந்தின நாள்தான் எனக்கு விளக்கமாகச் சொல்லப்பட்டிருந்தது. அதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். என் வாயில் வந்தது வேறு.

“அது விதிம்மா,” என்றேன்.

“சரிம்மா,” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். கதவில் ஏதோ பலமாக மோதுகிற சத்தம் கேட்டது. லைன் போய்விட்டது. உடனே காவல் நிலையத்துக்குச் சொன்னேன். போய் வந்தார்கள். அவள் கதவுக்கு வெளியே வந்து, குடும்ப விஷயம், ஒன்றுமில்லை என்று சொன்னாளாம்.

அதற்குப் பிறகு தினமும் பதினொரு மணிக்கு அந்த எண்ணை அழைத்துப் பார்த்தேன். சில நாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அதுவும் நின்றுபோனது.

புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது கட்டிலைக் காட்டுவதற்கு முன்னால் பூட்டைக் காட்டுகிறார்கள். அவர்கள் கண்ணெதிரே சாவியை உறையில் போட்டு ஒட்டுகிறார்கள். நான் ஏற்பாடு செய்துவிட்டு வந்த வழக்கம்தான். தச்சர் அந்த நான்கு ஓட்டைகளையும் மக்குப் பசை வைத்து அடைத்தார். நிறம் சேரவில்லை.

புதுப் பூட்டு நல்ல பூட்டு, கண்ணுகளா. வழுக்கிக்கொண்டு திரும்பும். கதவில் காதை வைத்தாலும் சத்தம் கேட்காது. அவள் திரும்பி வந்திருந்தாலும், அந்தக் குழந்தை எதைக் கேட்டுத் தூங்கியிருக்கும்?