நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம்

வாய்மொழித் தேர்வுக்கு அரை மணி நேரமே இருந்தது. காந்தி ரோடு பட்டுக்கடையில் பகலெல்லாம் சேலை விரித்துக் காட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் பழைய ரோமானிய நகர் ஒன்றைப் பற்றி ஏழு வருடமாக எழுதிய ஆய்வேட்டைக் கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தாள் ஃபிர்தௌஸ். நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அவள் கை நின்றது.

'ஆளில்லா வெறும் நிலத்தில் ரோமானியர் திம்காத் நகரை எழுப்பினர்.'

அந்த அல்ஜீரிய மலையடிவாரத்தில் ஆடு மேய்த்த குடிகள் இருந்ததை முதல் அத்தியாயத்தில் அவளே எழுதியிருந்தாள். இங்கோ பழைய புத்தகத்தின் வரி ஒன்றை அப்படியே நம்பி, அதன்மேல் ஓர் அத்தியாயத்தையே கட்டிவிட்டாள்.

நெறியாளர் சுகாசினியிடம் ஓடிக் காட்டினாள்.

"அவர் கேட்டா பாத்துக்கலாம்மா. நீயா வாயத் தொறக்காத."

'அவர்' புறத்தேர்வாளர் மாணிக்கவேல். போன வருடம் ஓர் ஆய்வாளரின் தேர்வைப் பாதியிலேயே நிறுத்தி வெளியே அனுப்பியவர்.

தேர்வறையில் ஃபிர்தௌஸ் பேச எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். ஓய்வு பெற்ற படைவீரர்களுக்காகச் சதுரமாக நகரை அளந்தது, நூல் பிடித்தாற்போல் தெருக்கள் போட்டது, இரண்டு தலைமுறையில் ஜனம் பெருகி மதிலைத் தாண்டியது, வெளியே தெருக்கள் இஷ்டத்துக்கு வளைந்தது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். கடைசி வரிசையில் கணவர் இம்தியாஸ் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

மாணிக்கவேல் நான்கு கேள்விகள் கேட்டார். அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம்."

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. சுகாசினி தலையைக் குனிந்துகொண்டார்.

"நூத்தி நாப்பத்திரெண்டாம் பக்கம் தப்புங்க. அங்க ஜனங்க இருந்தாங்க. நான் இல்லைன்னு எழுதிட்டேன்."

மாணிக்கவேல் பக்கத்தைத் தேடி எடுத்து நிதானமாகப் படித்தார்.

"நானும் இதப் படிச்சிட்டுத் தாண்டித்தான் போயிருக்கேன்," என்றார் கடைசியில். "அத்தியாயத்தத் திரும்ப எழுதுங்க. அறுபது நாள் டைம். அப்புறம் கையெழுத்து."

சுகாசினி அவளைப் பார்க்காமலே வெளியேறினார். வராந்தாவில் இம்தியாஸ் ஓடி வந்தார்.

"இன்னா ஆச்சு? பாஸா, ஃபெயிலா?"

"இன்னும் ரெண்டும் இல்லைங்க. அறுபது நாள்ல ஒரு அத்தியாயத்தத் திரும்ப எழுதணும், வாங்க வீட்டுக்குப் போவலாம்."