ஒரு கையுறை மண்

கடப்பாரை மறுபடியும் எகிறித் திரும்பியது. நேற்று மாலையிலிருந்து விறகு போட்டு எரித்தும், பனியில் உறைந்த மண் முழங்கால் ஆழத்துக்குத்தான் இளகியிருந்தது.

"எலைசா உசுரோட இருந்தப்பவே யாருக்கும் வழிவிட்டவ இல்ல," என்றார் குழிக்குள் நின்ற ஜெரமையா மாமா. "இப்ப மட்டும் விட்டுடுவாளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள். எலைசா அவள் அம்மா.

இந்த ஊரில் இயந்திரம் வைத்துக் குழி வெட்டுவதில்லை. சொந்தக்காரர்கள் வெட்ட வேண்டும், சொந்தக்காரர்கள் மூட வேண்டும். முதல் பிடி மண் பேரப்பிள்ளையுடையது. எலைசாவுக்கு ஒரே பேத்தி, ஜோலீன். வெர்னா குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவளை அதிகாரிகள் எடுத்துப்போய் நகரத்தில் ஒரு வீட்டில் விட்டிருந்தார்கள். இன்று சாவுக்கென்று அவளைக் கூட்டி வந்த குழந்தைநல அதிகாரி கிறிஸ்டன் தேவாலய வாசலில் காத்திருந்தாள்.

"புதைக்கிற வரைக்கும் மட்டும் பாப்பா இருக்கட்டும்," என்றாள் வெர்னா.

"எனக்குப் புரியாம இல்ல வெர்னா. இருட்டறதுக்குள்ள உறைஞ்ச ஏரி மேல வண்டியை ஓட்டித் தாண்டணும். அனுமதியும் இன்னிக்கு மட்டும்தான்." கிறிஸ்டன் குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த மாசம் கோர்ட்டு இருக்கு. குடிய விட்டு நல்லபடியா வந்துட்டிருக்கீங்க. கெடுத்துக்காதீங்க."

தேவாலயச் சமையலறையில் மான்கறிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த டோரீன், மாமாவின் மகள், வெர்னாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாப்பாவை மணிக்கூண்டுல ஏத்தி விட்டுடறேன்டி. அவ தேடிச் சாகட்டும். விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் புடிச்சுட்டுப் போக வந்தப்ப அத்தை உன்னைத் தோணிக்கு அடியில ஒளிச்சு வெக்கல?"

"வெச்சாங்க."

"நீ மூச்சுகூட விடலையாமே."

"நாய்தான் காட்டிக்கொடுத்துச்சு. தோணியைச் சுத்திச் சுத்தி வாலாட்டுச்சு."

டோரீனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒளித்து வைத்ததற்காக எலைசாவைப் பள்ளிக்காரர்கள் மகளைப் பார்க்கவே விடவில்லை என்பது அவளுக்கும் தெரியும். பல வருடம் கழித்து வெர்னா ஊர் திரும்பியபோது அம்மாவின் மொழி அவளுக்கு மறந்திருந்தது.

நேற்று சவப்பெட்டியருகே மாமா பைபிளிலிருந்து மோசேயின் கதையை வாசித்தார். பிள்ளையை நாணல் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டது எல்லோருக்கும் தெரியும். பால் மறந்த பிள்ளையைப் பெற்றவளே கூட்டிப்போய் அரண்மனையில் விட்டது ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த வரியை மட்டும் அம்மா எப்போதும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்வாள். ஏன் என்று வெர்னா கேட்டதில்லை.

ஜோலீன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"நான்தானே அம்மா மொதல்ல மண்ணு போடணும்?"

"நீதான். வா."

குழியருகே போனதும் மாமா குனிந்தார். கங்குகளை ஒதுக்கி, அடியிலிருந்த மண்ணை அள்ளி நீட்டினார். ஜோலீன் ஒரு கையுறையைக் கழற்றி அதில் நிரப்பிக்கொண்டாள்.

"சுடுது!"

"பாட்டிக்குக் குளிரும்ல," என்றார் மாமா. "எதாச்சும் சொல்லணும்னா அதுல சொல்லு பாப்பா."

அவள் கையுறைக்குள் வாய் வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டு, அதன் வாயை இறுக மடித்து வெர்னாவிடம் கொடுத்தாள்.

"என்ன சொன்னே?"

"உனக்கில்ல."

வெர்னா தன் கையுறை ஒன்றைக் கழற்றி அவள் வெறுங்கையில் மாட்டினாள். முழங்கை வரை வந்தது. கிறிஸ்டனின் கார்க் கதவை வெர்னாவே திறந்தாள், மகளுக்கு பெல்ட்டையும் தானே போட்டுவிட்டாள். டோரீன் சமையலறை சன்னலை விட்டு விலகிக்கொண்டாள். ஊர் நாய் ஒன்று காரைச் சுற்றி வாலாட்டியது.

"நீ வரலையா?"

"வரேன், தங்கம்."

எப்போது என்று குழந்தை கேட்பதற்குள் கிறிஸ்டன் வண்டியை எடுத்தாள்.

பெட்டி இறங்கியபோது வெளிச்சம் மங்கியிருந்தது. எல்லோரும் வெர்னாவைப் பார்த்தார்கள். மேலங்கிக்குள் நெஞ்சோடு வைத்திருந்த கையுறையை எடுத்துக் கவிழ்த்தாள். மண் சத்தமில்லாமல் விழுந்தது.

பிறகு மற்றவர்கள் தள்ளினார்கள். குவித்து வைத்த மண் மறுபடி உறைந்திருந்தது. ஒவ்வொரு கட்டியும் கதவைத் தட்டுவதுபோல் பலகையில் மோதியது. வெர்னா வெறுங்கையைக் காலிக் கையுறைக்குள் நுழைத்துப் பார்த்தாள். விரல்கள் பாதிவரைதான் போயின.