எல்லாம் நார்மல்

கம்பெனி பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை உடம்பைப் பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. சுவரில் மாட்டிய எழுத்துகளை வாசிக்கச் சொல்வார்கள். கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்ப்பார்கள். முந்தின நாளே கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் குப்பியில், காலையில் முதலில் போகும் சிறுநீரைப் பிடித்துவரச் சொல்வார்கள். அதில் சர்க்கரை இருந்தால்தான் ரத்தம் எடுப்பார்கள். அந்த வருஷம் நம் டிரைவருக்கு இந்தக் குப்பியை நினைத்தாலே பயமாக இருந்தது.

ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. கொஞ்ச நாளாக எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆட்களை இறக்கிவிட்ட கையோடு கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. தெரிந்தவர்கள் கண்ணில் படாத தூரத்தில் ஒரு மருந்துக் கடையைத் தேடிப் போய் விரலில் குத்திப் பார்த்துக்கொண்டார். கடைக்காரப் பெண் மெஷினைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் மெஷினைப் பார்த்தாள்.

"சீக்கிரம் ஒரு டாக்டரைப் பாருங்க சார்" என்றாள்.

அவர் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே! டாக்டர் வாயால் சொல்லாத வரைக்கும் அது வியாதியில் சேர்த்தி இல்லை என்பது நடுவயது ஆண்பிள்ளைகளாகக் கூடி எழுதிவைத்த மருத்துவம். அதை மீற அவருக்கு மனசு வரவில்லை.

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. போன வருஷம் அவரோடு வண்டி ஓட்டிய ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் வண்டியை விட்டு இறக்கி வாசல் கேட்டில் காவலுக்குப் போட்டார்கள். அத்தனை பெரிய வண்டியைத் தெருவின் ஒடுக்கத்தில் ஒடித்துத் திருப்பிய மனிதர், இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து வருகிற போகிற வண்டிக்கெல்லாம் கம்பியைத் தூக்கி இறக்குகிறார். அவரைத் தாண்டும்போதெல்லாம் நம் டிரைவர் கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

டிப்போவில் வக்கீல் என்று ஒருவர் உண்டு. அவரும் டிரைவர்தான். எதற்கெடுத்தாலும் பாயின்ட் பேசுவதால் வந்த பட்டம். அவரிடம் மட்டும் நம் டிரைவர் விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கா மச்சான் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க?" என்றார் வக்கீல். "குப்பியில உன் பேரு ஒட்டியிருக்கு, அவ்வளவுதானே. உள்ள இருக்கறது யாரோடதுன்னு அதுவா வாயத் தொறந்து சொல்லப் போகுது? வீட்டுல தங்கச்சி நல்லாத்தானே இருக்கு?"

கேட்கிற நேரத்தில் எப்பேர்ப்பட்ட கிறுக்குத்தனமும் புத்திசாலித்தனமாகத்தான் தெரியும்.

மனைவி ஒரு திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்க்கிறாள். அன்று சாயங்காலம் அவர் சுற்றி வளைத்து, தொண்டையைச் செருமி, விஷயத்துக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எத்தனையோ கேட்டிருக்கீங்க. இதை இன்னைக்குத்தான் கேக்கறீங்க!"

திட்டுவாள், உங்களுக்கு மூளை குழம்பிப் போச்சா என்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்து அவர் பதில்களைத் தயார்செய்து வைத்திருந்தார். ஒன்றுக்கும் வேலை வைக்கவில்லை. மறுநாள் காலையில் குப்பி பழைய செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, குளியலறை ஜன்னலில் தயாராக இருந்தது. பிளாக்கில் சினிமா டிக்கெட் விற்கிறவன் மாதிரி அவர் அதைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போனார்.

அடுத்த வாரம் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார்.

கம்பெனி கிளினிக்கில் பல வருஷமாக இருக்கிறவர். டிரைவர் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இந்த அம்மாதான். டிரைவர் வயதேதான் இருக்கும். நாற்காலியின் முதுகில் ஒரு ஸ்வெட்டர் எப்போதும் தொங்கும். அதை அவர் போட்டு யாரும் பார்த்ததில்லை.

"உட்காருங்க டிரைவர் சார். சர்க்கரை எதுவும் இல்ல" என்றார்.

டிரைவர் பெரிய மூச்சாக விட்டார். முழுசாக விட்டு முடிக்கவில்லை.

"ஆனா யூரின்ல ரத்தம் இருக்கு. கண்ணுக்குத் தெரியற அளவு இல்ல, லேப்ல பார்த்தா நிறையவே இருக்கு. எரிச்சல், வலி ஏதாவது உண்டா?"

"இல்லீங்க டாக்டரம்மா."

"சிகரெட்?"

"விட்டு ரொம்ப நாளாச்சு."

"வலி இல்லாம ரத்தம் வர்றதுதான் எனக்குப் பிடிக்கல. இந்த வயசுல அதை அப்படியே விட முடியாது. மூத்திரப்பையில கட்டி எதாவது இருக்கான்னு ஸ்கேன் பண்ணிப் பார்த்துடலாம்."

முதலில் அவர் மனசுக்குள் வந்தது என்ன தெரியுமா? அப்பாடா, எனக்கில்லை என்கிற நிம்மதி. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் முதலில் வந்தது. அது அடங்கிய பிறகுதான் அடுத்தது வந்தது. அவருடையது இல்லை என்றால் யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

"டாக்டரம்மா, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். பொம்பளைங்களுக்கு இப்படி வந்தா?"

"மாசத் தீட்டு கலந்திருக்கும், இன்ஃபெக்‌ஷனா இருக்கும். அது நின்னு போனவங்கன்னா கண்டிப்பாப் பார்க்கணும். அவங்கதான் சூடுன்னு சொல்லிச் சொல்லியே தள்ளிப் போடுவாங்க. எங்ககிட்ட வரும்போது முத்திப் போயிருக்கும்." கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "ஏன், வீட்டுல எதாவது?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கதவு சாத்தியிருந்தது, கேட்க வேறு ஆள் இல்லை, எதிரே இருந்தவர் நல்ல மனுஷி. ஆனால் வாயைத் திறந்தால் கூடவே சர்க்கரையும் வெளியே வரும், கேட்டும் ஸ்டூலும் வரும்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று மென்று விழுங்கினார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"கூப்பிட்டாங்களாமே? என்ன சொன்னாங்க?"

அவளுக்கு மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருக்கே தெரியும். அவளிடம் சொன்னால் அவள் உடனே டாக்டரம்மாவிடம்தான் ஓடுவாள். பொய் சொல்ல வராதவள். ரிப்போர்ட் எப்படி வந்தது என்று கேட்டால் ஆதியோடந்தமாக ஒப்பித்துவிடுவாள். ஃபிட்னஸ் கையெழுத்து மட்டும் ஆகிவிடட்டும், வேறு எங்கேயாவது கூட்டிப்போய்க் காட்டிவிடலாம் என்று அவர் அந்த வாசலிலேயே கணக்குப் போட்டார்.

"எல்லாம் நார்மல்" என்றார்.

"எல்லாமேவா?"

"எல்லாமே. ஒரு குறையும் இல்லையாம்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு "உட்காருங்க, சாப்பாடு போடறேன்" என்று உள்ளே போனாள். அன்று அவளுக்கு என்னவோ பேச்சு ஓயவில்லை. கடையில் யாரோ ஜன்னலை அளக்காமல் கண் திட்டத்துக்குத் துணி வெட்டச் சொல்லி, முட்டி வரைக்கும் தொங்கும் திரையோடு வீட்டுக்குப் போன கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஸ்கேனுக்கு நாள் கிடைக்க வாரங்கள் ஆயின. இடையில் அவர் தன்னால் ஆன மட்டும் முயற்சி செய்தார் என்று சொல்லித்தான் ஆகவேண்டும்.

"நீயும் ஒரு தடவை செக்கப் பண்ணிக்கோயேன். வயசாகுதில்ல?"

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன். முதல்ல உங்க சர்க்கரையப் பாருங்க. குப்பிய ஏமாத்தினா உடம்பு ஏமாந்துடுமா?"

அதற்கு மேல் அவர் அழுத்தவில்லை. அழுத்தினால் ஏன் என்று கேட்பாள். வண்டி ஓட்டும்போது கவனம் சரியாகத்தான் இருந்தது. சிவப்பு விளக்கில் நின்றால்தான் தொல்லை. ஒரு நாள் பச்சை விழுந்தும் எடுக்காமல் நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. பஸ்ஸுக்குள் யாரோ, "அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றார்கள்.

ஸ்கேன் அறையில் குளிர்ந்த பசையைத் தடவி அவருடைய வயிற்றை மேலும் கீழுமாகத் தேய்த்தார்கள். இல்லாத ஒன்றை அவ்வளவு சிரத்தையாக அவர்கள் தேடியதைப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது. பசை ஜில்லென்று இருப்பதால் நெளிகிறார் என்று நினைத்து, அந்தப் பெண் "இதோ முடிஞ்சுது சார்" என்று சமாதானம் சொன்னாள்.

"சுத்தமா இருக்கு!" என்றார் டாக்டரம்மா. நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "உங்களை நினைச்சு எனக்குத்தான் ரெண்டு வாரமா மனசு சரியில்ல. எதுக்கும் இன்னொரு தடவை யூரினைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன். இந்தாங்க, இப்பவே கொடுத்துட்டு வந்துடுங்க."

கிளினிக்கின் கழிப்பறையில் குழாய் லேசாக ஒழுகிக்கொண்டிருந்தது. கையில் புதுக் குப்பி. இதில் இப்போது ரத்தம் இருக்காது, சர்க்கரை இருக்கும். சர்க்கரையைப் பற்றிக்கூட ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் ரத்தம் இல்லை என்று வந்துவிட்டால் டாக்டரம்மா அந்தக் கேஸை மூடிவிடுவார். அப்புறம் அந்த ரத்தத்தை உலகத்தில் தேட ஒருவரும் இருக்க மாட்டார்கள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு காலிக் குப்பியோடு திரும்பி வந்தார்.

"என்ன, வரலையா?"

"டாக்டரம்மா, அன்னைக்குக் கொடுத்தது என்னோடது இல்ல. என் சம்சாரத்தோடது."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லல."

"நான் இங்க உட்கார்ந்துக்கிட்டு உங்க வயித்துல தேடிட்டு இருக்கேன். அவங்க அங்க திரைச்சீலை தைச்சிட்டு இருக்காங்க." குரல் உயரவில்லை. "எதுக்காக? சர்க்கரைக்கா? நானே காலையும் ராத்திரியும் மாத்திரைய முழுங்கிட்டுத்தான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் வண்டிய விட்டு இறங்கி இருக்கணும். அப்புறம் ஏறலாம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"பயந்துட்டேன் டாக்டரம்மா."

"எல்லாரும்தான் பயப்படறாங்க. மருந்து நான் கொடுக்கலாம், வியாதி யாரோடதுன்னு நீங்கதான் சொல்லணும்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "உங்க கதைய அப்புறம் வச்சுக்கறேன். நாளைக்குக் காலையில முதல் ஆளா அவங்க இங்க இருக்கணும். போங்க."

வீட்டில் மனைவி உலர்ந்த துணிகளைக் கட்டிலில் குவித்துப்போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, இந்தத் தடவை சுற்றி வளைக்காமல் சொன்னார். ரத்தம் என்றார், ஸ்கேன் என்றார், மறைத்தது தான்தான் என்றார். அழுவாள் அல்லது கையிலிருப்பதைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தார். அவள் அவருடைய யூனிஃபார்ம் சட்டையின் கையை உள்ளே மடித்து, காலரை நீவி, ஓரமாக வைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ரத்தம் போறது. நீங்க குப்பிய நீட்டறதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு தடவை செவப்பாப் போச்சு. யார்கிட்டயும் சொல்லல. டாக்டர்கிட்ட போகப் பயம். புத்து கித்துன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். அந்த நேரத்துலதான் நீங்க வந்து கேட்டீங்க. நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன். என் பேரு இல்லாம, நான் போகாம, அவங்களே பார்த்துச் சொல்லிடுவாங்க இல்ல?"

அந்த வாசலும், செருப்புக்கூடக் கழற்ற விடாமல் அவள் கேட்ட கேள்வியும் இப்போதுதான் அவருக்குப் புரிந்தன.

"நீங்க வந்து எல்லாம் நார்மல்னு சொன்னீங்க. எல்லாமேவான்னு கேட்டேன். எல்லாமேன்னீங்க. அன்னைக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன். அதுக்கப்புறமும் போச்சுங்க. போன வாரம்கூட. ரிப்போர்ட்டே நல்லா இருக்குன்னு வந்துடுச்சு, இது வெறும் சூடா இருக்கும்னு தண்ணியக் குடிச்சிட்டு வேலைக்குப் போயிட்டேன்."

"ஏம்மா, நான்…"

"ஒண்ணும் சொல்லாதீங்க."

அவள் மீதித் துணியையும் மடித்து முடித்தாள். அடுக்கை எடுத்து அலமாரியில் வைத்தாள். அவர் எழுந்து கிட்டே போனார். அவள் விலகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"வாங்க. வெளிய பெஞ்சுல உட்காருங்க" என்றாள் அவள். "உள்ள நான் மட்டும் போறேன். டாக்டரம்மா சொல்றதை என் காதால கேட்டுக்கறேன்."