பரம்பரைப் புகை

கோலா சாவா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற திருநாவுக்கரசு, ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் பிடிப்பார். தாத்தா சுருட்டு, அப்பா பீடி, தான் சிகரெட். குடும்பம் முன்னேறித்தான் வந்திருக்கிறது என்பார். "ரத்தத்துல இருக்கு குமுதா, நான் என்னா செய்ய முடியும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டால் அன்றைய சண்டை முடிந்தது என்று அர்த்தம்.

குமுதவல்லி இருபத்தாறு வருடமாக அதைக் கேட்டு வந்தாள். சட்டையில் வாசம், திரைச்சீலையில் வாசம், தீபாவளி முறுக்கில்கூட வாசம்.

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு தோட்டத்து மண்டபத்துக்கு வந்தது. புகைப்பழக்கத்துக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்கிறார்களாம். குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்தால் போதும். ஒப்பிட்டுப் பார்க்கப் புகைக்காதவர்களும் வேண்டுமாம். திருநாவுக்கரசுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் வாயால் சொன்னதைக் கடுதாசியில் எழுதித் தரப்போகிறார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் ஆளாகப் போய் நின்றார். மனைவியையும் இழுத்துப் போனார். முடிவு தெரியவேண்டும் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து டாக்டர் கிளாரிஸ் வந்தார். சிரம்பான் பெண், சின்ன வயது. இருவருக்கும் சேர்த்தே சொல்லலாமா என்று கேட்டுக்கொண்டு தாளைப் பிரித்தார். நிக்கோட்டினுக்கு ஆளைச் சுலபமாக அடிமையாக்கக்கூடிய மரபணு மாற்றம் ஒன்றைத் தேடினார்களாம். அது திருநாவுக்கரசிடம் இல்லை.

அவர் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். எச்சில் மாறியிருக்கும் என்றார். குழாயில் பெயர் ஒட்டியது யார் என்று விசாரித்தார். பார்த்தது ஒன்றை மட்டும்தான், வளர்ந்த விதமும் பழக்கமும்கூடச் சேரும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கிவிட்டு, கொஞ்சம் தயங்கினார்.

"ஆன்ட்டிக்குத்தான் அது இருக்கு, அங்கிள். அப்பா வழி, அம்மா வழி, ரெண்டுலயும்."

குமுதவல்லி மடியிலிருந்த கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதாவது பிடித்ததுண்டா என்று டாக்டர் மெல்லக் கேட்டதும் சொன்னாள். பதினாறு வயதில் ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால், பஞ்சாலை என்ற கூட்டாளிப் பெண்ணோடு ஒரே ஒரு சிகரெட் பிடித்தாளாம். பஞ்சாலை இருமி வாந்தி எடுத்தாள். இவளுக்கோ அது அவ்வளவு பிடித்துப்போனது. அந்தப் பிடிப்புக்கே பயந்து, அதற்குப் பிறகு தொடவில்லை.

"என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார் திருநாவுக்கரசு.

"நீங்க கேக்கலியே. உங்க சட்டைய தொவைக்கிறப்பல்லாம் எனக்கு ஒண்ணு புடிக்கணும்னு இருக்கும். தெனமும்."

 லாரியில் திரும்பும்போது அவர் சிகரெட் பாக்கெட்டை எடுத்தார். பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். வீட்டு வாசலிலேயே அவள் சட்டம் போட்டாள். ஆபத்து தனக்குத்தான் என்று டாக்டரே சொல்லியாகிவிட்டது, இனி வீட்டுக்குள் ஒரு சிகரெட் வரக்கூடாது.

சில வாரம் தோட்டத்து கேட் வரை நடந்துபோய்ப் பிடித்தார். மழையில் நனைந்தார். நாய் துரத்தியது. கடைசியில் ரந்தாவ் கிளினிக்கில் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கி மென்றார். முதல் மாதம் ரேடியோவோடுகூடச் சண்டை போட்டார், ஆறு கிலோ ஏறினார், கச்சாங் கடலை டப்பாக்களைக் காலி செய்தார். எட்டாவது மாதம் சிகரெட், சூயிங்கம் எல்லாம் நின்றது.

இப்போது டயர் கடையில், மனைவியைக் காப்பாற்றத்தான் விட்டேன்லா என்று பெருமையாகச் சொல்லித் திரிகிறார். குமுதவல்லி அதைத் திருத்துவதில்லை.