ஓர் எழுத்து வர ஒரு நிமிடம்

கொச்சியின் கொச்சங்காடியில் சாக்குக் கடை வைத்திருந்த ரஷீது, மாலைத் தொழுகை முடிந்ததும் வீட்டு முன்னறையில் வானொலிக் கருவியின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். முறையாக உரிமம் வாங்கிய அமெச்சூர் வானொலியாளர் அவர். மைக்கில் பேசுவதில் அவருக்கு இப்போது ஆசை இல்லை. மிகத் தாழ்ந்த அலைவரிசையில், ஒரு சிறு விளக்கைக்கூட எரிக்க முடியாத சக்தியில், மோர்ஸ் எழுத்துகளை மெல்ல மெல்ல அனுப்புவார். ஓர் எழுத்துக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாது. எதிர்முனையில் இருப்பவரின் கணினித் திரையில் புள்ளியும் கோடுமாக ஊர்ந்து வரும்.

எதிர்முனையில் இருந்தவர் தூத்துக்குடி வெங்கிட்டு. ரஷீது அனுப்புவது அவருக்குத் தெளிவாகக் கிடைத்தது. அவர் அனுப்புவதுதான் இங்கே வந்து சேரவில்லை. திரை முழுக்க வெள்ளையாக இரைச்சல் மூடிக் கிடந்தது.

பக்கத்து வீட்டு இசக்கிதுரைக்கு இந்த விவகாரம் எல்லாம் அத்துப்படி. சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்தில், தென்னையில் ஏறி ஆன்டெனா கம்பியைக் கட்டிக் கொடுத்ததே அவர்தான். கிடங்குத் தூசி நெஞ்சில் அடைந்துபோய், இப்போது நாள் முழுக்க ஆக்சிஜன் மெஷினின் குழாயை மூக்கில் மாட்டியபடி கட்டிலில் இருந்தார். ஆனாலும் தினமும் ஜன்னல் வழியே கேட்பார்.

"வெங்கிட்டு வந்தாரா, பாய்?"

"இல்ல, அண்ணாச்சி."

இரைச்சல் எங்கிருந்து வருகிறதென்று ரஷீது ஒருநாள் சின்ன ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து பார்த்தார். இசக்கிதுரையின் ஜன்னலுக்கு அருகே அது அலறியது. சட்டென்று அணைத்துவிட்டு நகரப் பார்த்தார்.

"என்னவே, ஒம்ம ரேடியோ எம் மெஷினப் பாத்துக் கத்துது?"

"ஒண்ணுமில்ல, அண்ணாச்சி."

"எனக்குத் தெரியும்வே. ஒரு அஞ்சு நிமிசம் அணைச்சா என்ன? மூச்சப் பிடிச்சிக்கிடுதேன்."

"அது வேண்டாம். சத்தியமா வேண்டாம். வெங்கிட்டு எங்கயும் ஓடிப் போவமாட்டாரு."

அந்த வார வெள்ளிக்கிழமை மாலை இசக்கிதுரையின் மனைவி அங்கம்மாள் பிராட்வே கடைத்தெருவுக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். ரஷீது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று வெண்மை முழுவதும் வடிந்து திரை கறுத்தது. அதன் நடுவே மெல்லிய வெளிச்சமாக மூன்று புள்ளிகள், பிறகு ஒரு கோடு. அடுத்த எழுத்தும் வந்தது. வெங்கிட்டுவின் அடையாளமான அழைப்புக்குறி தொடங்கிவிட்டது!

"சுல்ஃபத்! இங்க வா, ஓடி வா!"

அவர் மனைவி சுல்ஃபத் அடுக்களையிலிருந்து வந்தாள். அவள் திரையைப் பார்க்கவில்லை.

"இக்கா, அண்ணாச்சியோட மெஷின் சத்தம் கேக்கலியே."

இருவரும் ஓடினார்கள். கதவு சும்மா சாத்தியிருந்தது. இசக்கிதுரை ஒரு கையைச் சுவிட்சின் மேல் வைத்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ரஷீது சுவிட்சைத் தட்டினார். சுல்ஃபத் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். முகத்தில் நிறம் திரும்ப வெகுநேரம் ஆயிற்று.

"வந்துச்சா?" என்றார் இசக்கிதுரை.

"வந்தது. ரெண்டு எழுத்து" என்றார் ரஷீது.

"ரெண்டுதானா? இன்னுங் கொஞ்சம் பிடிச்சிருப்பேன். நீரு வந்து கெடுத்துட்டீரு."

நடந்ததை அவரே பெருமையாக மனைவியிடம் சொல்லிவிட்டார். அங்கம்மாள் நேரே ரஷீதின் வாசலுக்கு வந்தாள்.

"உங்க வெளையாட்டுக்கு எங்க வீட்டு மூச்சுதான் கெடச்சுதா, பாய்?"

ரஷீது அன்றைக்கே கருவியின் மேல் துணியைப் போட்டு மூடினார்.

மழை தொடங்கியதும் இசக்கிதுரைக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நுரையீரல் எப்போதோ முடிந்துபோயிற்று, அந்த மாலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். சுல்ஃபத் அதைச் சொன்னபோது அங்கம்மாள் தலையாட்டினாள். ஆனால் ரஷீதின் முகத்தை மட்டும் அவள் பார்க்கவே இல்லை.

ரஷீதை அலைவரிசையில் காணோமே என்று வெங்கிட்டு போன் செய்தார். ரஷீது எல்லாவற்றையும் சொன்னார். இசக்கிதுரையை ஒருமுறைகூடப் பார்த்திராத அந்த மனிதர், "அவர் பேர அனுப்புங்க. நான் இங்க பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார்.

ரஷீது துணியை விலக்கினார். திரையில் இரைச்சலின் ஒரு தூசிகூட இல்லை. அந்தத் தெளிவைப் பார்க்கவே அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இசக்கிதுரையின் பெயரைத் தட்டி அனுப்பத் தொடங்கினார்.

வாசலில் அங்கம்மாள் நின்றிருந்தாள். சுல்ஃபத்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள்.

"என்னது போகுது?"

"அண்ணாச்சி பேரு, அக்கா. இங்கிலீஷ் எழுத்துல மெதுவாத்தான் போவும்."

"எவ்ளோ நேரம்?"

"பத்து, பன்னண்டு நிமிஷம் ஆவும்."

அவள் முன்னறையில் கிடந்த சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். நடுவில் ஒருமுறை கேட்டாள்.

"இப்ப எந்த எழுத்து?"

"கி போவுது."

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அவள் அழுதாள். சுல்ஃபத் அருகில் போய் அமர்ந்தாள். கடைசி எழுத்தும் போன பிறகு போன் ஒலித்தது.

"முழுசாக் கெடச்சுது" என்றார் வெங்கிட்டு.

ரஷீது அதை அங்கம்மாளிடம் சொன்னார். கணவர் போனபின் முதன்முறையாக அவள் ரஷீதின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னொருக்க அனுப்புங்க, பாய்."

அவர் மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்கினார்.