எஸ்த்ரெயா தியேட்டருக்கு மேலே

நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் முகவரி கேட்டால், நிலநடுக்கத்தில் விழுந்து ஐம்பது வருடமான கட்டடத்தைச் சொல்லி, அங்கிருந்து இத்தனை தெரு மேலே என்பார்கள். சூரியன் உதிக்கும் பக்கம் மேலே, மறையும் பக்கம் கீழே. இல்லாததை வைத்து இருப்பதைத் தேடும் ஊர்.

எவெலியோவும் அப்படித்தான் மனைவி மெல்பாவிடம் சொல்லிவந்தார். "நான் வேலை பார்த்த அச்சகம் எஸ்த்ரெயா தியேட்டருக்கு மேலே. நம்ம வீடு கீழே. அன்னைக்கு எனக்கு ராத்திரி வேலை. நிலம் ஆடினதுல தியேட்டர் சரிஞ்சு தெருவையே அடைச்சிருச்சு. சுத்தி வர்றதுக்குள்ள விடிஞ்சுபோச்சு."

அந்த விடியலுக்குச் சற்று முன்வரை, மூன்று வயது மகள் இவானியா இடிபாட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கால் நசுங்கிக் கிடந்த மெல்பாவால் நகர முடியவில்லை. வெளுக்கும் பக்கத்திலிருந்து, மேலேயிருந்து அவர் வந்தபோது சத்தம் நின்றிருந்தது. போவாகோ மலைப்பக்கத்திலிருந்து வந்து சில மாதமே ஆன மெல்பாவுக்கு நகரத்தில் எது எங்கே என்று தெரியாது. சொன்னதை நம்பினாள். பாவம், மனுஷன் எவ்வளவு துடித்திருப்பார் என்று ஐம்பது வருடம் அவருக்காக அழுதாள், பைத்தியக்காரி.

ஞாயிறு மதியம், சோளமாவில் கறி வைத்து வாழையிலையில் கட்டி அவித்த நக்கத்தமால் பொட்டலங்களைப் பிரிக்கும்போது, இளைய மகன் யாடெர் மடிக்கணினியைத் திருப்பினான்.

"அந்தக் காலத்து மனாகுவாம்மா. பழைய வரைபடத்தை இணையத்துல போட்டிருக்காங்க. இப்ப இருக்கிற ஊருக்கு மேல அப்படியே வச்சுப் பார்க்கலாம்."

"இவானியா இருந்த வீட்டைக் காட்டுப்பா."

காட்டினான். மெல்பா திரையைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பாவோட அச்சகம்?"

"சாப்பாடு ஆறுது. மூடு அதை," என்றார் எவெலியோ.

"இதோ, பேரே போட்டிருக்கு. ஆனா இது கீழேல்ல இருக்கு? வீட்டுலருந்து ரெண்டே தெரு."

"வரைஞ்சவன் குடிச்சிருப்பான்."

"தியேட்டர் அந்தப் பக்கம்ப்பா. நடுவுல வரவே வராது."

மெல்பா கையிலிருந்த வாழையிலையைக் கீழே வைத்தாள்.

"கெழவா, அப்ப நீ மேலேருந்து ஏன் வந்தே?"

அவர் அடுத்த பொட்டலத்தின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.

"உன்னைத்தான் கேக்குறேன். வேலைக்குப் போனியா இல்லையா?"

"போகல."

"எங்கே படுத்திருந்தே?"

இப்போதும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அலுத்துவிட்டதோ என்னவோ, கண்ணாடிகூடப் போடாமல், தியேட்டருக்கு மேலே ஒரு சின்னக் கட்டத்தில் சரியாக விரலை வைத்தார்.

"யாரு அவ?"

"உனக்குத் தெரியாது."

"அந்த வீடு விழலையா?"

"விழுந்துச்சு."

மெல்பாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் கேட்டாள், வலிக்கும் பல்லை நாக்கால் துழாவுவதுபோல.

"விடியிறவரைக்கும் அவளைத்தான் தோண்டிக்கிட்டிருந்தியா?"

"ஆமா."

யாடெர் எழுந்து வெளியே போனான்.

"உயிரோட எடுத்தியா?"

எவெலியோ தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உயிரோடதான். இப்பவும் இருக்கா."